சின்ன முற்றத்துல காய்கறித் தோட்டம்: முதல்ல வெயிலை எண்ணுங்க, அப்புறம் காசை எண்ணுங்க

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "வாடகை வீடு, மொட்டை மாடிக்கு ஓனர் சாவி தர மாட்டாங்க, பின்னாடி துணி காயப் போடுற அளவுக்கு ஒரு முற்றம் இருக்கு. அதுல ஏதாவது வளர்க்க முடியுமா? ரொம்ப செலவாகுமா?"

முடியும். ஆனா எப்படி வளர்க்கணும்னு சொல்றதுக்கு முன்னாடி, நான் 2,800 ரூபாயைத் தண்டமாக்குன கதையைச் சொல்லிடறேன். அந்தத் தப்பு எங்க நடந்ததுன்னு புரிஞ்சா, மீதி எல்லாம் சுலபம்.

நான் இருக்கறது சென்னை வில்லிவாக்கத்துல ஒரு பழைய வீட்டோட கீழ் போர்ஷன். சமையலறைக் கதவைத் திறந்தா பின்னாடி ஒரு முற்றம். கிழக்கு மேற்கா பத்தடி, தெற்கு வடக்கா எட்டடி. மேல கூரை கிடையாது, தரை சிமெண்ட். ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். அவ்வளவுதான்.

அப்பா தவறினதுக்கு அப்புறம், கோவில்பட்டி பக்கம் எங்க ஊர்ல தனியா இருக்க வேண்டாம்னு அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தேன். முழங்கால் வலிக்கு வைத்தியமும் பார்க்க வேண்டியிருந்தது. வாழ்க்கை முழுக்கக் கரிசல் காட்டுல வேலை பார்த்தவங்க. இங்க வந்ததும் காலையில ஒன்பது மணிக்கு நான் கிளம்பிடுவேன், ராத்திரி எட்டு மணிக்கு வருவேன். நடுவுல அவங்களுக்கு டிவியும் நாலு சுவரும்தான். மூணாவது மாசம், "நான் ஊருக்கே போறேன்டா. இங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல.

சரி, தோட்டம் போட்டுக் கொடுத்தா மனசு மாறும்னு நினைச்சேன். அவங்களை ஒரு வார்த்தை கேட்கல. சர்ப்ரைஸ் பண்றேன்னு ஆன்லைன்ல பத்து க்ரோ பேக், ரெடிமேட் பாட்டிங் மிக்ஸ், செர்ரி தக்காளி, குடைமிளகாய், ப்ராக்கோலின்னு பன்னிரண்டு விதை பாக்கெட் எல்லாம் வாங்கினேன். அது ஆகஸ்ட் மாசம். சமையலறைக் கதவைத் திறந்தா நேரா தெரியறது தெற்குச் சுவர். பார்க்க அழகா இருக்கும்னு அந்தச் சுவரோரமா பத்து பையையும் வரிசையா வச்சேன். போட்டோ கூட எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் வந்தது. தீபாவளி நெருங்கும்போது செடியெல்லாம் ஒல்லியா நெட்டுக்கு வளர ஆரம்பிச்சது. பூ வந்தது, உதிர்ந்தது. அப்புறம் மழை. டிசம்பர்ல பத்து பையையும் காலி பண்ணேன். மொத்த அறுவடை பதினோரு செர்ரி தக்காளி. (சிரிப்பு) எண்ணி வச்சிருக்கேன்.

அன்னைக்கு அம்மா வாசப்படியில உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏல, வெயில் எங்க விழுதுன்னு பாத்தியா?"

வெயில் நகர்ந்துட்டே இருக்கும்

நான் பார்த்தேன்தான். ஆனா ஆகஸ்ட்ல பார்த்தேன். அதுதான் பிரச்சினை.

சென்னையில சூரியன் வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் சரியா உச்சந்தலைக்கு மேல வரும். ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒரு தடவை. நிழலில்லா நாள்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தச் சமயத்துல நடுப்பகல்ல எந்தச் சுவருக்கும் நிழல் விழாது. முற்றம் முழுக்க வெயில்தான். எங்க பை வச்சாலும் சரிதான்னு தோணும்.

அதுக்கப்புறம் சூரியன் தெற்கே சாயும். தெற்குச் சுவரோட நிழல் முற்றத்துக்குள்ள நீள ஆரம்பிக்கும். மார்கழியில, அதாவது டிசம்பர் 21ஐ ஒட்டி, சென்னையில நடுப்பகல் நிழல் சுவரோட உயரத்துல கிட்டத்தட்ட முக்கால் பங்கு இருக்கும். மதுரைன்னா மூணுல ரெண்டு பங்கு. எங்க தெற்குச் சுவர் பத்தடி. நிழல் ஏழடிக்கு மேல. முற்றத்தோட அகலமே எட்டடிதான். தீபாவளி சமயத்துலயே நிழல் அஞ்சடிக்கு வந்துடும். நான் பையை வச்ச இடம் அந்தச் சுவரோட காலடி. செடிக்குக் காய்க்கிற வயசு வந்தப்போ அங்க வெயில் சுத்தமா இல்ல.

அதனால முதல் பாடம் இது. உங்க முற்றத்துல எது தெற்குச் சுவர்னு கண்டுபிடிங்க. போன்ல காம்பஸ் இருக்கு. அந்தச் சுவரோட உயரத்தைக் குத்துமதிப்பா அளங்க. அதுல முக்கால் பங்கு தூரத்தைத் தரையில குறிச்சுக்கோங்க. அந்தக் கோட்டுக்கு உள்ள இருக்கற தரை, குளிர்காலத்துல நிழல் பிரதேசம். அங்க தக்காளி வைக்காதீங்க.

ரெண்டாவது, ஒரு லீவு நாள்ல காலையில ஏழு மணியில இருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மணிக்கு ஒரு தடவை வெளியே போய், வெயிலோட ஓரம் எங்க இருக்குன்னு சாக்பீஸால கோடு போடுங்க. அம்மா கோலப்பொடியால போட்டாங்க. சாயங்காலம் பார்த்தா, எந்த இடத்துக்கு எத்தனை மணி நேர வெயில்னு தரையே சொல்லும். எங்களுக்கு மேற்குல ரெண்டு மாடி வீடு. அதனால மதியம் ஒரு மணிக்கு மேல வெயிலே கிடையாது. கிழக்குல அஞ்சடி காம்பவுண்டு சுவர்தான், காலை வெயில் நல்லா வரும். கணக்குப் போட்டா தரையில நல்ல இடத்துலயே நாலு மணி நேரம்தான் தேறுச்சு.

இதை வச்சுத்தான் என்ன வளர்க்கணும்னு முடிவு பண்ணணும். காய்க்கிற செடிகளுக்கு, அதாவது தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு, ஆறு மணி நேர வெயில் இருந்தா நல்லது. அஞ்சு மணி நேரத்துலயும் காய்க்கும், கொஞ்சம் கம்மியா. கீரைக்கு மூணு நாலு மணி நேரம் போதும். புதினா, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி எல்லாம் அரை நிழல்லயும் பிழைச்சுக்கும். ரெண்டு மணி நேரத்துக்கும் கீழன்னா காய்கறி ஆசையை விட்டுட்டுப் புதினாவோட நிறுத்திக்கறது நல்லது. காசு மிச்சம்.

தரையில இல்லாம, மேல தூக்கி வைங்க

நாலு மணி நேரம்தானான்னு நான் சோர்ந்து போனேன். அம்மா வேற ஒரு விஷயத்தைப் பார்த்தாங்க. "சுவர்தான் மறைக்குது. செடியைத் தூக்கி வச்சா சுவர் குட்டையாயிடும்லா?"

யோசிச்சுப் பாருங்க. பத்தடி சுவருக்குப் பக்கத்துல செடி மூணடி உயரத்துல இருந்தா, அந்தச் செடிக்கு அது ஏழடி சுவர்தான். மார்கழி நிழல் ஏழடியில இருந்து அஞ்சடியாக் குறையும். கிழக்கு காம்பவுண்டு அஞ்சடின்னா, செடிக்கு அது ரெண்டடி. காலையில ஒன்பது மணிக்குக் கிடைச்ச வெயில் ஏழரைக்கே கிடைக்கும். ஒரு ரூபாய் செலவில்லாம வெயில் ஒண்ணரை மணி நேரம் கூடுது.

அதனால ரெண்டாவது தடவை சமையலறைச் சுவரோரமா, அதாவது வடக்குப் பக்கமா, ஒரு மேடை போட்டோம். தெற்குப் பார்த்த சுவர் அதுதான், மார்கழியிலயும் வெயில் படற ஒரே இடம். ஓனர் வீட்டுல கட்டட வேலை முடிஞ்சு மிச்சம் கிடந்த ஹாலோ பிளாக்கைக் கேட்டு வாங்கினேன். மூணு மூணா அடுக்கினா ரெண்டடி உயரம். மேல பழைய சென்ட்ரிங் பலகை. அதுக்கு மேல பக்கெட் வச்சா, மண் மட்டம் சரியா மூணடி.

இதுல ஒரு விஷயம் நான் எதிர்பார்க்கவே இல்ல. அம்மாவுக்குக் குனிய வேண்டாம், குத்துக்கால் போட்டு உட்கார வேண்டாம். அதைத்தான் டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. நின்னபடியே களை எடுக்கலாம், தண்ணி ஊத்தலாம். முதல் வருஷம் தரையில வச்ச பைகளை அவங்க ஏன் தொடவே இல்லன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. பிடிக்காம இல்ல. குனிய முடியல. நானும் கேட்கல.

1,480 ரூபாய்க் கணக்கு

சரி, காசுக்கு வருவோம். நான் கொடுத்த விலையைச் சொல்றேன், உங்க ஏரியாவுல முன்ன பின்ன இருக்கலாம்.

- செம்மண் ரெண்டு மூட்டை: 240
- கோகோபீட் அஞ்சு கிலோ கட்டி ஒண்ணு: 200
- மண்புழு உரம் இருபது கிலோ: 320
- வேப்பம் புண்ணாக்கு ரெண்டு கிலோ: 100
- பழைய இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஆறு: 240
- மீன் மார்க்கெட் தெர்மாகோல் பெட்டி ரெண்டு: 60
- பழைய பலகை: 130
- விதை ஆறு பாக்கெட்: 90
- வேப்ப எண்ணெய்: 60
- கயிறு: 40

மொத்தம் 1,480. கவனிச்சீங்களா? மண்ணுக்கு மட்டும் 860 ரூபாய், பாதிக்கு மேல. விதைக்கு 90. முதல் வருஷம் இதைத் தலைகீழாப் பண்ணியிருந்தேன். பைக்கும் விதைக்கும் கொட்டிக் கொடுத்துட்டு, மண்ணுல மிச்சம் பிடிச்சேன். தொட்டிச் செடிக்கு வேர் போறதுக்கு வேற இடமே இல்ல. நீங்க கொடுக்கற அந்த இருபது லிட்டர் மண்தான் அதுக்கு உலகம். கஞ்சத்தனம் பண்றதுன்னா பக்கெட்டுல பண்ணுங்க, மண்ணுல பண்ணாதீங்க.

பெயிண்ட் பக்கெட்டை, பெயிண்டர் அண்ணன்கள்கிட்டயோ காயலான் கடையிலயோ கேளுங்க. தண்ணியில கரையற எமல்ஷன் பெயிண்ட் இருந்த பக்கெட்டா பார்த்து வாங்குங்க. உள்ள காய்ஞ்சிருக்கற பெயிண்டைச் சுரண்டிக் கழுவிடணும். கம்பியைச் சூடு பண்ணி அடியில ஆறு ஓட்டை போடுங்க. இதை வெளியில வச்சுப் பண்ணுங்க, புகை மூக்குல ஏறும். அரிசிச் சாக்குல வளர்க்கலாம்னு சிலர் சொல்வாங்க. பண்ணலாம், ஆனா அந்தப் பிளாஸ்டிக் சாக்கு வெயில்ல சில மாசத்துலயே உதிர ஆரம்பிச்சுடும். கீரைக்கு ஓகே, கத்தரிக்கு வேண்டாம்.

இன்னொண்ணு. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டக் கிட் கொடுக்கறாங்க. 2021-22ல 900 ரூபாய் கிட்டை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அதுல வரும். விலையும் மானியமும் மாறிட்டே இருக்கும், அதனால வாங்கறதுக்கு முன்னாடி துறையோட இணையதளத்தையோ உங்க மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தையோ ஒரு தடவை பாருங்க. கிடைச்சா என்னோட பட்ஜெட்ல பாதி மிச்சம் ஆகலாம்.

மண் கலக்கறது

கோகோபீட் கட்டியை அப்படியே போடாதீங்க. பெரிய டப்புல ஊற வச்சா அஞ்சு கிலோ கட்டி அறுபது லிட்டருக்கு மேல பொங்கி வரும். அந்தத் தண்ணி டீ டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். அதுல உப்பு இருக்கு. பிழிஞ்சு கொட்டிட்டு, மறுபடி தண்ணி ஊத்தி, ரெண்டு மூணு தடவை அலசுங்க. இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனத்துல விட்டுட்டு, "செடி கருகிடுச்சு"ன்னு சொல்றவங்க நிறைய.

அப்புறம் ரெண்டு பங்கு செம்மண், ரெண்டு பங்கு கோகோபீட், ஒரு பங்கு மண்புழு உரம். கூட பக்கெட்டுக்கு ரெண்டு கை வேப்பம் புண்ணாக்கு. இது உரமாவும் ஆகும், வேர்ப்புழுவையும் தள்ளி வைக்கும். பக்கெட்டோட அடியில கால் பாகத்துக்குக் காய்ஞ்ச இலை, தேங்காய் மட்டைத் துண்டு போட்டுட்டு மேல கலவையை நிரப்புங்க. மண் செலவும் குறையும், தண்ணியும் தேங்காது. நிரப்பின உடனே நடாதீங்க. லேசா தண்ணி தெளிச்சு ஒரு வாரம், பத்து நாள் ஆற விடுங்க. புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், இளஞ்செடி தாங்காது.

எதை, எப்போ, எங்க

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க. டவுன்ல இருக்கற நமக்கும் அது பொருந்தும். ஆடியில விதைச்சா, ஐப்பசி அடைமழை வர்றதுக்குள்ள செடி வேர் பிடிச்சு நிக்கும்.

மேடை மேல ஆறு பக்கெட். ரெண்டுல பி.கே.எம். 1 தக்காளி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில உருவாக்கின ரகம், நம்ம வெயிலுக்கு ஏத்தது. ஒண்ணுல கத்தரி, ஒண்ணுல மிளகாய், ஒண்ணுல வெண்டை, ஒண்ணுல அவரை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூணையும் முதல்ல தயிர் டப்பாவுல நாற்று விட்டு, இருபத்தஞ்சு நாள் கழிச்சு மாத்தி நட்டோம். வெண்டையும் அவரையும் நேரா விதைச்சாச்சு. பக்கெட்டுக்கு ஒரு செடிதான், வெண்டை மட்டும் ரெண்டு. "இடம் இருக்கே"ன்னு நாலு தக்காளி நட்டா நாலுமே காய்க்காது.

அவரையைப் பத்தி அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாட்டுக் கொடி அவரை, பகல் நீளம் குறையற காலத்துலதான் பூக்கும். ஆடியில போட்டுட்டு ஐப்பசி வரைக்கும் வெறும் கொடியாத்தான் ஓடும். "இது மலட்டுச் செடி"ன்னு நான் பிடுங்கப் போனேன். "கைய எடு. மார்கழி வரட்டும்"னாங்க. மார்கழியில ஜன்னல் கம்பி தெரியாத அளவுக்குக் காய்ச்சது.

கீரைக்குத் தெர்மாகோல் பெட்டி. வாஷிங் மெஷின் வந்ததுக்கு அப்புறம் துவைக்கிற கல் சும்மாதான் இருந்தது, அது மேல ஒண்ணு, பழைய ஸ்டூல் மேல ஒண்ணு. ஒரு பெட்டியில அரைக்கீரை. விதை கடுகை விடச் சின்னது, அதனால மணலோட கலந்து தூவுங்க, இல்லன்னா ஒரே இடத்துல குவியும். வேரோட பிடுங்காம, மேல மேல வெட்டினா திரும்பத் திரும்பத் துளிர்க்கும். இன்னொரு பெட்டியில வெந்தயமும் கொத்தமல்லியும், ரெண்டுமே மளிகைக் கடை பாக்கெட்டுல இருந்து எடுத்தது. கொத்தமல்லியை மட்டும் செருப்பால லேசா தேய்ச்சு ரெண்டா உடைச்சுப் போடணும். முளைக்கப் பத்து நாள் ஆகும், பயப்படாதீங்க. வெந்தயக் கீரை மூணு வாரத்துல சாம்பாருக்கு ரெடி. புதினாவுக்குத் தனியா வெட்டின எண்ணெய் கேன் கொடுத்துடுங்க, பக்கத்துல வேற எதையும் விடாது.

மணத்தக்காளி நாங்க வாங்கவே இல்ல. பழுத்த பழம் ஒண்ணு விழுந்து தானா முளைச்சது. நிழல் மூலையில இன்னமும் நிக்குது.

தண்ணி, பூச்சி, ஹவுஸ் ஓனர்

தண்ணி எப்போ ஊத்தணும்? விரலை மண்ணுல ஒரு இஞ்ச் விடுங்க. ஈரம் இருந்தா ஊத்தாதீங்க. தொட்டிச் செடி காய்ஞ்சு சாகறதை விட, அழுகிச் சாகறதுதான் நான் அதிகம் பார்த்தது. அதே சமயம் தக்காளிக்கு ஒரு நாள் வெள்ளம், ரெண்டு நாள் பட்டினின்னு பண்ணா, காயோட அடிப்பாகம் கறுத்துப் போகும். அது பூச்சி இல்ல. தண்ணி ஒழுங்கில்லாததால சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான். தினமும் அளவா ஊத்தினா அடுத்த காய் சரியாயிடும்.

ஆர்.ஓ. மெஷின்ல வெளியேறுற தண்ணியை வீணாக்க மனசு வராது, தெரியும். ஆனா அதுல உப்பு கூடுதல். தினமும் தொட்டிக்கு ஊத்தினா இலை ஓரம் கருகும். வீட்டைத் துடைக்கறதுக்கு வச்சுக்கோங்க. ஏ.சி.யில இருந்து சொட்டுற தண்ணி உப்பில்லாதது, அதைத் தாராளமா ஊத்தலாம். அரிசி கழுவின தண்ணியும் சரி.

தொட்டிக்கு அடியில தட்டு வச்சுத் தண்ணி தேங்க விடாதீங்க. டெங்கு கொசுவுக்கு அது போதும். தட்டு வச்சே ஆகணும்னா ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை கொட்டித் தேய்ச்சுக் கழுவுங்க.

பூச்சி வரும். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி எல்லாம். ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்ப எண்ணெய், நாலு சொட்டு சோப்புத் தண்ணி. சோப்பு இல்லன்னா எண்ணெய் தண்ணியோட சேராது. சாயங்காலம் மட்டும், இலையோட அடிப்பக்கம் அடிங்க. வெயில்ல அடிச்சா இலை வெந்துடும். வெண்டை இலை நரம்பு மஞ்சளாச்சுன்னா அது வெள்ளை ஈ பரப்புற வைரஸ், மருந்தெல்லாம் கிடையாது. பிடுங்கிப் போட்டுடுங்க. எங்க ரெண்டு வெண்டையில ஒண்ணு அப்படித்தான் போச்சு.

கடைசியா, ஹவுஸ் ஓனர். எங்க ஓனர் ஆன்ட்டி முதல்ல முகத்தைச் சுளிச்சாங்க. அவங்க கவலை செடி இல்ல, சுவர்ல ஓதம் ஏறிடுமோன்னுதான். அது நியாயமான கவலை. அதனால பக்கெட்டுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி விட்டோம். வழியற தண்ணி நேரா ஜலதாரைக்குப் போற மாதிரி பலகையை லேசா சாய்ச்சு வச்சோம். சுவர்ல ஒரு ஆணி கூட அடிக்கல. வீடு காலி பண்றப்போ எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடலாம்னு காட்டினேன். அதுக்கப்புறம் முதல் கட்டுக் கீரையை அம்மா மேல் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாங்க. பேச்சு முடிஞ்சது.

லாபமா?

உண்மையைச் சொல்லணும். முதல் சீசன்ல லாபம் இல்ல. ஆவணியில இருந்து தை வரைக்கும் ஒரு நோட்டுல எழுதி வச்சேன். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கட்டுக் கீரை, ரெண்டு தக்காளிச் செடியில சேர்த்து ரெண்டரை கிலோ, அப்புறம் கத்தரி, மிளகாய், அவரை, புதினா, கொத்தமல்லி. கடை விலையில போட்டா 900 ரூபாய் சொச்சம். செலவு 1,480. "காய்கறி பில்லே கிடையாது"ன்னு வீடியோவுல யாராவது சொன்னா, அவங்க முற்றம் எத்தனை அடின்னு கேளுங்க.

ஆனா ரெண்டாவது சீசன்ல மண் இருந்தது, பக்கெட் இருந்தது, பலகை இருந்தது. தக்காளியும் கத்தரியும் விதை நாங்களே எடுத்து வச்சிருந்தோம். ஓட்டை போட்ட இன்னொரு பக்கெட்டுல சமையல் கழிவையும் காய்ஞ்ச இலையையும் மாத்தி மாத்திப் போட்டு, ரெண்டு மாசத்துல உரமும் வீட்டுலயே ஆயிடுச்சு. அந்தச் சீசன் செலவு 200 ரூபாய் கூட வரல. தோட்டம் காசைத் திருப்பித் தரும், ஆனா ரெண்டாவது ஆடி வரைக்கும் காத்திருக்கணும்.

அம்மா இன்னமும் ஊருக்குப் போகணும்னுதான் சொல்றாங்க. போன மாசம் டிக்கெட் போடட்டுமான்னு கேட்டேன். கொடியைப் பார்த்துட்டு, "அவரை முடியட்டும்"னாங்க. அதுக்குள்ள அடுத்த கத்தரி நாற்று தயிர் டப்பாவுல ரெடியா இருக்கு. நான் எதுவும் சொல்லல.

சரி மக்களே, இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. எதுவும் வாங்காதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு சாக்பீஸ் எடுத்துட்டு முற்றத்துக்குப் போங்க. ஏழு மணிக்கு முதல் கோடு. சாயங்காலம் அந்தக் கோடுகளைப் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. எது தெற்குச் சுவர், அது எத்தனை அடின்னும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல அதுல சிலதை எடுத்து, அந்த இடத்துல என்ன வைக்கலாம்னு சேர்ந்து பார்ப்போம். வீட்டுல காட்டு வேலை தெரிஞ்ச பெரியவங்க இருந்தா, நான் பண்ணாத ஒண்ணை நீங்க பண்ணிடுங்க. முதல்ல அவங்ககிட்ட கேளுங்க.